பெயர் தெரியாத பூவைத் தேடி

"ஏண்டி, ஊர் ஊராகச் சுற்றிக் கட்டுரை எழுதுகிறாயே! இந்தப் பெண்ணை ஒரு நாளைக்கு எங்கேயாவது அழைத்துக் கொண்டு போயேன். அழுது அழுது அவள் கண் இரண்டும் கோவைப் பழமாகி விட்டன" என்றாள் என் அக்கா.

டோக்கியோ நகரின் கிழக்குக் கோடியில் நிஷி-கசாய் என்று ஒரு பேட்டை இருக்கிறது. நம் தேசத்துக் குடும்பங்கள் அங்கே ஏராளமாகக் குடியேறியிருப்பதால் துவரம் பருப்புக்கும் புளிக்கும் பஞ்சமே கிடையாது. என் அக்காவும் அத்தானும் ஏழு வருஷமாக அங்கேதான் ஒரு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் குடியிருந்தார்கள். சென்ற ஆகஸ்டு மாதம் நான் போய் இறங்கியபோது வீடு வீடாக இல்லை. அத்தானுக்குச் சென்னைக்கு மாற்றல்! எங்கே பார்த்தாலும் அட்டைப் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே தலையில் துண்டைக் கட்டிக் கொண்டு அக்கா.

பெட்டிகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக் கொண்டு, பதினைந்து வயது அக்கா மகள்.

ஊரை விட்டுப் போகிற துக்கம் மட்டும் என்று நான் முதலில் நினைத்தேன். அது பாதிதான். அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு ஜப்பானியப் பெண் இருக்கிறாள். இருவரும் ஆறு வருஷமாக ஒரே பள்ளிக்கூடம், ஒரே குடை. மாற்றல் விஷயம் ஜூன் மாதமே தெரிந்தும் நம் பெண் சிநேகிதியிடம் வாயைத் திறக்கவில்லை. 'சொன்னால் கோடை விடுமுறையே கெட்டு விடும்; நாளைக்குச் சொல்லலாம்' என்று ஒவ்வொரு நாளும் ஒத்திப் போட்டுக் கொண்டே வந்திருக்கிறாள். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு யாரோ மூன்றாம் மனிதர் மூலம் செய்தி எட்டிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. லிஃப்டில் எதிர்ப்பட்டால் கூட முகத்தைத் திருப்பிக் கொள்கிறாளாம்.

"எங்கே போகலாம், சொல்லு" என்று கேட்டேன்.

"சிச்சிபு" என்று ஒரே வார்த்தை வந்தது. "இந்த லீவிலே நாங்க ரெண்டு பேரும் போறதா இருந்தோம், சித்தி."

* * *

மறுநாள் காலை புறப்பட்டோம். நிஷி-கசாயில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஒரு பெரிய ஆற்றின் மேல் வண்டி கடகடவென்று ஓடியது. கடலை நெருங்கிவிட்ட ஆறு. அகலமாய், அவசரமில்லாமல் போய்க் கொண்டிருந்தது.

"இது என்ன ஆறு?"

"அராகவா" என்றாள். தினமும் பார்க்கிற ஆறு. திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

இகெபுகுரோ என்ற பெரிய ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து சிச்சிபுவுக்கு விசேஷ எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். சுமார் 77 கிலோமீட்டர். ஒன்றே கால் மணிக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கிறது. 2019-ல் ஓடத் தொடங்கிய வண்டி அது. ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட முழங்காலில் ஆரம்பித்துத் தலைக்கு மேல் வரை போகிறது. ஆசனங்கள் எலுமிச்சம் பழ மஞ்சள்.

வழியில் ஹன்னோ என்ற ஸ்டேஷனில் ஒரு வேடிக்கை. நின்ற ரயில் மறுபடி கிளம்பும்போது வந்த பக்கமாகவே ஓடத் தொடங்குகிறது! 'ஐயையோ, டோக்கியோவுக்கே திரும்புகிறதே!' என்று நான் பதறினேன். அக்கா மகள் அன்று முதன் முறையாகச் சிரித்தாள். ரயில் பாதை அங்கே அப்படி அமைந்திருக்கிறது; வண்டி திசை மாற்றிக் கொண்டுதான் மலைக்குள் போக வேண்டுமாம். அப்புறம் மலைகள் இருபுறமும் நெருங்கி வந்தன. 1969-ல் இந்தப் பாதையைத் திறந்தபோது குடைந்த ஷோமாரு சுரங்கம் ஒன்று, ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர் நீளம்! அந்த இருட்டில்தான் அவள் எனக்குக் கதை சொன்னாள்.

எந்தக் கதை என்கிறீர்களா? 'அன்று நாம் பார்த்த பூவின் பெயர் நமக்கு இன்னும் தெரியாது' என்று ஒரு சித்திரத் தொடர். பெயரே ஒரு முழ நீளம் என்பதால் ஜப்பானியர்களே 'அனோஹனா' என்று சுருக்கி அழைக்கிறார்கள். கையால் வரைந்த சித்திரங்களை ஓடவிட்டுக் கதை சொல்லும் 'அனிமே' கலையில் ஜப்பானியர் மன்னர்கள் என்பது உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இதில் அரக்கர்கள் இல்லை, யுத்தம் இல்லை. ஒரு கோடைக்காலம், ஆறு சிநேகிதர்கள், ஒரு சிற்றூர். 2011 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பதினோரு வாரம் தொலைக்காட்சியில் ஓடியது. தத்ஸுயுகி நாகாய் என்பவர் இயக்கினார். அந்த மார்ச் 11-ந் தேதிதான் பெரும் பூகம்பமும் ஆழிப் பேரலையும் வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. அடுத்த மாதமே, இறந்துபோன ஒரு சிறுமியைப் பற்றிய கதை வீடுகளுக்குள் வந்தது.

கதை இதுதான். ஆறு குழந்தைகள் ஒரு கூட்டம் சேர்ந்து, மலைக்காட்டில் பாழடைந்த குடிசை ஒன்றை ரகசியக் கோட்டையாக வைத்துக் கொண்டு விளையாடுகிறார்கள். கூட்டத்தின் தலைவன் ஜிந்தா. ஒரு நாள் மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று, 'உனக்கு மென்மாவைப் பிடிக்கும்தானே?' என்று வம்புக்கு இழுக்கிறார்கள். வெட்கம் பொறுக்காமல் அவன் அந்தப் பெண்ணை அவலட்சணம் என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறான். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. அழுகையை விட மோசமான சிரிப்பு. நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக் கொள்ளலாம் என்று நினைக்கிறான் பையன். அன்றே மென்மா ஆற்றில் விழுந்து இறந்துவிடுகிறாள்.

வருஷங்கள் ஓடுகின்றன. மிஞ்சிய ஐந்து பேரும் ஆளுக்கொரு மூலை. ஜிந்தா பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் கிடக்கிறான். ஒரு கோடைப் பகலில் அவன் எதிரே மென்மா வந்து நிற்கிறாள். அவனோடு கூடவே வளர்ந்தவள் போல, பெரிய பெண்ணாக! அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாள். 'என் ஆசை ஒன்றை நிறைவேற்றித் தா' என்கிறாள். என்ன ஆசை என்று கேட்டால் அவளுக்கே ஞாபகம் இல்லை! அதைக் கண்டுபிடிப்பதற்காக அந்த ஐந்து பேரும் மறுபடி ஒன்று சேர வேண்டியிருக்கிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. கைக்குட்டை மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

சுரங்கம் முடிந்தது. வெளிச்சத்தில் அக்கா மகளின் முகத்தைப் பார்த்தேன். 'நாளைக்குச் சொல்லலாம்' என்ற வார்த்தை எங்கே குத்தியிருக்கிறது என்று புரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

* * *

சிச்சிபு நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர். ஆகஸ்டு வெயில் அந்தக் கிண்ணத்தில் நிரம்பி வழிந்தது. மரத்துக்கு மரம் சில்வண்டுகளின் இரைச்சல். பேசினால் காதில் விழாது. ஊருக்குத் தெற்கே புக்கோ மலை, 1,304 மீட்டர் உயரம். அதன் ஒரு பக்கம் முழுவதும் படிக்கட்டுப் போல வெட்டப்பட்டிருக்கிறது. சிமெண்டுக்காக அதன் சுண்ணாம்புக் கல்லைப் பல காலமாக வெட்டி எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்தக் காயம்பட்ட மலை எட்டிப் பார்க்கிறது. தொடரிலும் அது அப்படியே வருகிறதாம்.

முதலில் ஊர் நடுவிலுள்ள சிச்சிபு ஆலயத்துக்குப் போனோம். இப்போதுள்ள கட்டடத்தை 1592-ல் எழுப்பியவர், பிற்பாடு ஜப்பானையே ஆண்ட தொக்குகாவா இயெயாசு. மரச் சுவர்களில் பச்சை, நீலம், சிவப்பு என்று வர்ணம் தீட்டிய சிற்பங்கள். குட்டிகளோடு விளையாடும் புலி, சங்கிலியால் கட்டிப்போட்ட டிராகன். டிசம்பர் 2, 3 தேதிகளில் இக்கோயிலின் இரவுத் திருவிழாவில் தேர்கள் ஓடுவதையும் வாணவேடிக்கையையும் காண ஜனங்கள் மலைபோல் திரளுவார்கள். 2016-ல் யுனெஸ்கோ, ஜப்பானின் மற்றத் தேர்த் திருவிழாக்களோடு சேர்த்து இதையும் தன் பட்டியலில் ஏற்றுக் கொண்டது.

என்னை நிறுத்தி வைத்தவை மூன்று குரங்குகள். நிக்கோ நகரத்துக் குரங்குகளை நீங்கள் அறிவீர்கள்: கண்ணைப் பொத்தியது ஒன்று, காதைப் பொத்தியது ஒன்று, வாயைப் பொத்தியது ஒன்று. சிச்சிபுக் குரங்குகள் அவற்றுக்கு நேர் விரோதம்! ஒன்று கண்ணை விழித்துப் பார்க்கிறது. ஒன்று காதைத் தீட்டிக் கேட்கிறது. ஒன்று வாய் திறந்து பேசுகிறது. 'நன்றாகப் பார், நன்றாகக் கேள், நன்றாகப் பேசு' என்று பொருளாம்.

அக்கா மகள் பேசுகிற குரங்கின் கீழே வெகு நேரம் நின்றாள்.

"என்ன பார்க்கிறாய்?"

"ஒண்ணுமில்லை, சித்தி" என்று நகர்ந்துவிட்டாள்.

அடுத்தது பெண்கள் சமாசாரம். சிச்சிபு ஒரு காலத்தில் பட்டுக்குப் பேர் போன ஊர். 'மெய்சென்' என்று ஒரு பட்டு. பெரிய விசேஷங்களுக்கு என்று பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. சாதாரணப் பெண்கள் நாள் கிழமை பாராமல் ஆசையாகக் கட்டிக் கொண்ட பட்டு. அதை நெய்யும் விதம் விசித்திரமாக இருக்கிறது. பாவு நூலை முதலில் லேசாக ஓட்டு நெசவாக நெய்து, அதன்மேல் அச்சு வைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். பிறகு தறியில் ஏற்றி, தற்காலிக ஊடை நூலைப் பிரித்துக் கொண்டே நிஜ ஊடையைப் போட்டு நெய்கிறார்கள். இதனால் துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் ஆனதால், அசைத்தால் மயில் கழுத்துப் போல மினுக்குகிறது. மெய்சென்னுக்கென்றே அங்கே ஒரு காட்சி நிலையம் வைத்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்த ஒரு கடையில் அந்தத் துணியில் தைத்த சின்னச் சில்லறைப் பை ஒன்றை அக்கா மகள் எடுத்தாள். உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கினாள். "யாருக்கு?" என்று நான் கேட்கவில்லை.

வயிறு கூப்பிட்டது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கலங்க வேண்டாம். உருளைக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்து, குச்சியில் குத்தி, இனிப்பும் உப்பும் கலந்த 'மிஸோ' விழுதைத் தலையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பஜ்ஜிக்கு ஜப்பானில் ஒரு தம்பி என்று வைத்துக் கொள்ளுங்களேன்! ஆளுக்கு இரண்டு குச்சி காலி செய்தோம்.

* * *

சிச்சிபு வட்டாரத்தில் கருணைத் தெய்வமான கன்னோனுக்கு 34 ஆலயங்கள் உண்டு. அத்தனையையும் வரிசையாகக் கால்நடையாய்த் தரிசிக்கும் யாத்திரை பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. அதில் 17-வது ஜோரின்ஜி. பெரிய கோபுரம், மண்டபம் என்றெல்லாம் நினைக்காதீர்கள். வீடுகளுக்கு நடுவே அடக்கமாக ஒரு பழைய மரக் கோயில். பக்கத்தில் ஒரு மணி. மேற்கு ஜப்பானின் 33, கிழக்கின் 33, சிச்சிபுவின் 34 ஆக நூறு கன்னோன் உருவங்களை அந்த மணியில் வார்த்திருக்கிறார்கள்.

தொடரில் சிநேகிதர்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற கோயில் இதுதான். அதனால் இப்போது இங்கே இரண்டு வகை யாத்ரீகர்கள். பாட்டிமார் ஜபமாலையோடு வருகிறார்கள். இளவட்டங்கள் தொடரின் படங்களைக் கையில் வைத்துக் கொண்டு, 'இந்தப் படிதான்! இந்தத் தூண்தான்!' என்று வருகிறார்கள். கதை நடந்த ஊர்களைத் தேடிப் போவதற்கு 'புண்ணிய ஸ்தல யாத்திரை' என்றே ஜப்பானிய ரசிகர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்!

இந்தக் கதையை எழுதிய மாரி ஒகடா என்ற அம்மையார் 1976-ல் இதே சிச்சிபுவில் பிறந்தவர். சிறு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாமல், வருஷக் கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர். பிறகு டோக்கியோவுக்குப் போய் எழுத்தாளரானார். 2017-ல் தம் கதையை மறைக்காமல் ஒரு புத்தகமாகவே எழுதினார். பள்ளிக்குப் போகாத ஜிந்தா எங்கிருந்து வந்தான் என்று இப்போது தெரிகிறதல்லவா? 2015-ல் அவர் எழுதிய இன்னொரு படத்தில், வாய் திறந்து பேச முடியாமற்போன ஒரு பெண். 2019-ல் மூன்றாவதாக ஒரு படம். மூன்றும் இந்த மலைகளுக்கு நடுவிலேயே நடக்கின்றன. வீட்டை விட்டு வெளியே வராத ஒரு பெண், ஒரு தேசத்து இளைஞர் கூட்டத்தையே அந்த ஊர்த் தெருக்களில் நடக்க வைத்துவிட்டார்!

கோயிலில் 'எமா' என்ற சிறு மரப் பலகைகள் விற்கிறார்கள். வேண்டுதலை எழுதிக் கட்டித் தொங்கவிட வேண்டும். இங்கே அந்தத் தொடரின் சித்திரம் போட்ட பலகைகளே கிடைக்கின்றன. அக்கா மகள் ஒன்று வாங்கிக் கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். எழுதினாள், நிறுத்தினாள், மறுபடி எழுதினாள். நான் மணியைப் பார்ப்பது போல் பாவனை செய்தேன். எழுதியது ஜப்பானிய எழுத்து. எனக்கு ஓர் அட்சரம் தெரியாது. தெரிந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பத்திரிகைக்காரியின் சத்தியத்தை யார் நம்புவார்கள்?

* * *

வெயில் தாழ்ந்த பிறகு பழைய சிச்சிபுப் பாலத்துக்கு நடந்தோம். 1931-ல் கட்டிய கான்கிரீட் பாலம். மூன்று வளைவுகள். 1985-ல் பக்கத்திலேயே புதிய பாலம் ஒன்றைக் கட்டி வண்டிகளை அதன்மேல் விட்டுவிட்டார்கள். பழைய பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். தொடரைப் பார்த்தவர்கள் இந்தப் பாலத்தை எந்த இருட்டிலும் அடையாளம் சொல்வார்கள். கீழே, வெகு ஆழத்தில், கல்லில் மோதிக் கொண்டு ஆறு.

"மென்மாவோட ஆசைன்னு நினைச்சு அவங்க ஒரு ராக்கெட் செய்வாங்க, சித்தி" என்றாள்.

கதைக்காகக் கட்டிய கற்பனை அல்ல அது. சிச்சிபுவின் யோஷிதா பகுதியில் முக்கு ஆலயத் திருவிழாவில், அக்டோபர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, 'ர்யூஸெய்' என்ற வாணங்களை விடுகிறார்கள். பைன் மரத்தை இரண்டாகப் பிளந்து, குடைந்து, மூங்கில் வளையங்களால் இறுக்கி, கரிமருந்து கெட்டித்து, நீண்ட மூங்கில் வாலோடு ஏவுகிறார்கள். சுமார் முந்நூறு மீட்டர் உயரம் வரை போகும் என்கிறார்கள். தொழிற்சாலைச் சரக்கல்ல, தலைமுறை தலைமுறையாக அந்தந்தக் குழுவினர் கையால் செய்வது. தொடர் பிரபலமான பிறகு அதன் பெயராலும் ஒரு வாணம் விட்டார்கள்.

"இந்த ஆற்றுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். காரணமாகத்தான் கேட்டேன், முதல் நாள் இரவே வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன்.

"அரா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதே அராகவாவா?"

அதேதான். இந்த மலைகளில் பிறந்து, 173 கிலோமீட்டர் ஓடி, அவர்கள் வீட்டருகே கடலில் கலக்கிற அதே ஆறு. ஆறு வருஷமாக இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கைப்பிடிச் சுவரில் முகவாயை வைத்துக் கொண்டு தண்ணீரையே பார்த்தாள். பிறகு, சில்வண்டு இரைச்சலில் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவ என்னைத் திட்டினா என்ன பண்றது, சித்தி?" என்றாள்.

"வாங்கிக் கட்டிக் கொள்ள வேண்டியதுதான்" என்றேன். "திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே, கண்ணு! ஜிந்தாவுக்கு அது கூட இல்லையே."

சொன்ன பிறகு நெஞ்சை என்னவோ செய்தது. என் கல்லூரி நாளைய சிநேகிதி ஒருத்தியின் கடிதத்துக்கு நான் பதில் போடாமல் விட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தேன். பதினொன்று.

* * *

இரவு நிஷி-கசாய் போய்ச் சேர்ந்தோம். லிஃப்டில் ஏறி ஆறாம் எண்ணை அமுக்கினேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு நாலாம் எண்ணை அமுக்கியது. கதவு திறந்தது. சில்லறைப் பையை இறுகப் பிடித்துக் கொண்டு, "நீங்க போங்க, சித்தி. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவள் மேலே வந்தபோது மணி ஒன்பதரை. கண் காலையை விட அதிகமாக வீங்கியிருந்தது. அக்கா திடுக்கிட்டு, "ஊர் சுற்றி வந்தும் அழுகைதானா?" என்று என்னை முறைத்தாள்.

பெண் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தாள். பத்து நாளாகச் சோற்றைக் கொறித்துக் கொண்டிருந்தவள் இரண்டு தரம் ரசம் சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். கை அலம்பும்போது, "அம்மா, நாளைக்கு அவ பெட்டி கட்ட ஒத்தாசைக்கு வரா" என்றாள்.

அன்றிரவு, அட்டைப் பெட்டி ஒன்றையே மேஜையாக வைத்துக் கொண்டு, நான் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். முதல் வரி மட்டும் அரை மணி நேரம் பிடித்தது.